தாதியின் முறை

தலத்தெருவில் மத்தியானத்துக்குமேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், காப்பி நேரம் வரைக்கும் வீடு சும்மா கிடக்கும். நாங்கள் விளையாட ஆரம்பித்தது அதனால்தான், இன்ஸ்பெக்டர். வேறு காரணம் தேட வேண்டாம்.

என் கணவர் சவியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பட்டாளத்தில் பொழுது போகாமல் கற்றுக்கொண்ட ஆட்டம் என்பார். சீட்டு வேண்டாம், காய் வேண்டாம். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பேசி, நடந்து காட்ட வேண்டும். கதை சொல்கிறவர் மழை என்றால் மழை, சாவு என்றால் சாவு. ஆட்டம் முடிந்தது என்று அவர் சொல்லும்வரை யாரும் வேஷத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு ழனின். அவள் புருஷன் சார்ல் பாரிஸில் வேலையாக இருந்தான். இவள் அங்கே போவதற்கான காகிதங்கள் வரக் காத்திருந்தாள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணே என்பாள். நல்ல பெண்தான். குதிகால் மட்டும் வெடித்து, வெடிப்புக்குள் அழுக்கு கறுத்துக் கிடக்கும். அந்தக் காலை நான் நிறையத் தடவை கழுவியிருக்கிறேன், அதனால் தெரியும்.

கதை சொல்வது எப்போதும் அவர்தான். ராஜாவும் அவர்தான். ழனின் ராணி. நான் தாதி. ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

“ஒரு நாளைக்கு நான் ராணியா இருக்கேனேங்க.”

“ஒனக்கு அந்த மொகம் இல்ல, எலேன்.”

நான் வருத்தப்படவில்லை. கண்ணாடி எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

ஒரு மத்தியானம் நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். அன்றைக்குச் சாப்பிடும்போதே கதையைத் தொடங்கிவிட்டார். ராணி நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சி, ஓட்டைத் தட்டில் துப்பினாள். “இந்த அரண்மனையில தாதி ராணியோட எச்சிலத்தான் திங்கணும்” என்றார். ழனின் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் பல்லிடுக்கில் நண்டுச் சதை வெள்ளையாகத் தெரிந்தது. நான் தட்டை எடுத்து, அவள் உறிஞ்சிப்போட்ட கால்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சப்பினேன். அவள் எச்சில் பிசுபிசுவென்று நாக்கில் ஒட்டியது. அவர் ஆட்டம் முடிந்தது என்று சொல்லவில்லை. காப்பி குடித்த பிறகுதான் சொன்னார். கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன், தண்ணீர் ஊற்றி அலம்பினேன். ஆட்டம் என்றால் அதற்கான ஒழுங்கு வேண்டும் இல்லையா? அதை அவரிடம்தான் கற்றேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிக்கொண்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. நாக்கு பாதிக்குமேல் எழவில்லை. எச்சில் ஒரு பக்கமாக வழிந்து காதுவரை போகும், ஈ வந்து உட்காரும். எல்லாவற்றையும் நான்தான் துடைத்தேன். முதுகில் ஒரு புண்கூட வரவிடவில்லை. டாக்டரைக் கேளுங்கள்.

ழனின் முன்போலவே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். அவர் முகம் கோணலாக மலரும். நான் உள்ளே வந்தால் அந்த மலர்ச்சி நின்றுவிடும். அதில் தப்பில்லை. நான் பீத்துணி எடுக்க வருகிறவள்தானே.

ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம், அவருக்குத் தெம்பாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அவரால் பேச முடியாததால் கதை சொல்லும் வேலை எனக்கு வந்தது. எதிரிகள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள் என்றேன். ராஜா சிறையில். ராணி உயிருக்குப் பயந்து எதிரிகளோடு சேர்ந்து, சிறைக்குக் காவல் இருக்கிறாள். தண்டனை என்னவென்று தாதி சொல்லுவாள்.

முதல் தண்டனை சின்னதுதான். ராணி கஞ்சியில் துப்பிவிட்டு ராஜாவுக்குக் கொடுக்க வேண்டும். ழனின் சிரித்து மழுப்பிப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் துப்பினாள். நுரையாக மேலே மிதந்ததைக் கலக்காமல் அப்படியே ஊட்டச் சொன்னேன். அவளுடைய எச்சில் அவருக்கு இனிக்கும் என்றுதான் நினைத்தேன். முகத்தைச் சுளித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. ராஜாவுக்குத் தண்ணீர் கிடையாது என்று அடுத்த தண்டனையைச் சொன்னேன். செம்பு நிறைய நீர் மொண்டு, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முக்காலியில் வைத்தேன். சாயங்காலம் அவர் செம்பைப் பார்த்து முனக ஆரம்பித்தார்.

“அக்கா, அண்ணே நெசமாவே தண்ணி கேக்குறாரு போலருக்கு” என்று ழனின் எழுந்தாள்.

“ராணி இப்படிப் பேசமாட்டா. ஒக்காரு.”

“ஒரு வாய் குடுத்துட்டு வந்துர்றேங்க்கா.”

“அவரு எவ்ளோ நல்லா நடிக்கிறாரு பாரு. ஒக்காந்து பாரு ழனின்.”

உட்கார்ந்துவிட்டாள். இருட்டும் நேரம் ஆட்டம் முடிந்தது என்று அவளுக்காகச் சொன்னேன். வீட்டுக்குப் போனாள், மறுநாள் காலை பஸ்ஸில் காகித விஷயமாகப் புதுச்சேரிக்குப் போய்விட்டாள். அவள்மேல் வழக்கு எழுதாதீர்கள். அவர் குடித்திருப்பார் என்று நம்பித்தான் போனாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். கதவைச் சாத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். வேளா வேளைக்கு உடம்பு துடைத்தேன், துணி மாற்றினேன். மாற்ற மாற்ற ஈரம் குறைந்துகொண்டே வந்தது. நாக்கு தோல்செருப்பு மாதிரி ஆகிவிட்டது, உதடு உரிந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. பஞ்சால் தொட்டுப் பிரித்துவிட்டேன். உலர்ந்த பஞ்சு.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. செம்பைக் கையில் எடுத்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். “ராணி யாருன்னு சொல்லுங்க, குடுத்துர்றேன்.”

வெகுநேரம் என்னைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ உருண்டது. ‘ஏ’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து ‘ன்’ என்று வந்தது. நான் செம்பைக் கொண்டுபோய் முற்றத்துத் துளசியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

தண்ணீர் கொடுக்காமல் அவரைச் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம், அந்தக் குணம் எனக்குக் கிடையாது. அவர் எலேன் என்று சொல்லப் பார்த்திருப்பார் என்கிறார் டாக்டர். ஏன் என்று கேட்டிருப்பார் என்கிறீர்கள் நீங்கள். அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். அவர் சொன்னது ழனின் என்றுதான்.