முழங்காலின் உட்பக்கம்

நீச்சலில் நான்கு வகை உண்டு. அவற்றில் ஆக மெதுவானது தவளை நீச்சல். எங்கள் குடும்பம் அதில் போய் விழுந்ததில் ஆச்சரியமில்லை. நானெல்லாம் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த டீக்கான நேரம் வந்துவிடும்.

செயலாளர் ஐயா, கிளப் குளத்தில் சின்னப் பிள்ளைகளை என் பொறுப்பில் விடுவதற்கு முன்னால், என் மகள் ஏன் நீச்சலை விட்டாள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இதுவரை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்வதிலேயே மும்முரமாக இருந்துவிட்டார்கள்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கு அப்பாவும் நான்தான், கோச்சும் நான்தான். தவளை என்றுதான் கூப்பிடுவேன். தேசியப் போட்டியில் அவள் பதக்கம் வாங்கியதும் பெரிய கோச் ஒருவர் தேடி வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே அவள் நீந்துவதைப் பார்த்தார். "அஸ்திவாரம் நல்லா போட்டிருக்கீங்க சார். இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்றார். வேலை முடிந்த கொத்தனாரிடம் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்புவார்களே, அந்த மரியாதை. அவருடைய பயிற்சி முகாம் வெளியூரில், வருஷம் பூராவும்.

"நீங்க தனியா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள் மகள்.

"நிம்மதியா தூங்குவேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை நன்றாக வரும் என்பார்கள்.

இந்த நீச்சலில் உதைதான் எல்லாம். முழங்கால்களை ஒடுக்கி, பாதங்களை மட்டும் வெளியே திருப்பி உதைக்க வேண்டும். முழங்கால்களை விரித்துச் சுழற்றினால் உட்பக்கத் தசைநார் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் கிழிந்துபோகும். புத்தகத்தில் படித்ததல்ல. என் வலது முழங்கால் அப்படித்தான் போனது.

"உதையை இன்னும் அகலமாக்கு. முகாம்ல அதைத்தான் எதிர்பார்ப்பாங்க" என்று சொன்னேன். மறுபேச்சு பேசவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளையாக வளர்த்திருந்தேன்.

"உள்பக்கம் குத்துதுப்பா."

"புது உதைன்னா அப்படித்தான் இருக்கும். இன்னும் நாலு தடவை போயிட்டு வா, தவளை."

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் ஒத்தடம் கொடுப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஒரு காலையில் சுவரைத் தொட்டுத் திரும்பி ஒரு உதை உதைத்தாள். அப்புறம் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். போட்டி நீச்சல் இனி முடியாது என்றார் டாக்டர். "இப்படி உதைக்க யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"நானாத்தான் மாத்திக்கிட்டேன் டாக்டர். அப்பாவுக்குத் தெரியாது."

நான் தெரியாமல் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்து என்னைக் காப்பாற்றுகிறாள், பாவம். என் தொழிலில் எனக்கு அது ஒன்றுதான் அவமானம். நான் தப்பாகச் சொல்லிக்கொடுக்கவில்லை ஐயா. என்ன ஆகும் என்று தெரிந்து, அது ஆகும்வரை, சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். எத்தனை அப்பாக்களுக்கு இது வாய்க்கும்?

நேற்று, வெளியூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். தாராளமாகப் போ, ஆனால் அதற்குமுன் காலை நன்றாகப் பலப்படுத்திக்கொள் என்றேன். சரிப்பா என்றாள். பயிற்சிகளையெல்லாம் நானே யோசித்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ஆரம்பிக்கிறோம். பக்கத்திலேயே இருப்பேன். அவளுக்கு வலித்தால் என்னால் தாங்க முடியாது.