அமாவாசையை நம்பிய தண்ணீர்த் தொட்டி

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அமாவாசைக் கூட்டம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸைக் காணோம். எனக்கு முன்னால் நின்ற பஞ்சாயத்து மெம்பர், எட்டி எட்டிப் பார்த்தபடியே வெற்றிலைக்கடை பாயிடம் சொன்னார்:

"அங்காளம்மன நம்பித்தான் பாய் தண்ணித் தொட்டிக்குக் கடன் வாங்கறோம்."

"இன்னா மெம்பரே சொல்றீங்க?"

"ஸ்டாண்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பஞ்சாயத்து காசு வாங்குதில்ல? அத வெச்சித்தான் முப்பது வருஷம் கடன கட்டணும்."

"முப்பது வருஷமும் பஸ்ஸு உள்ள வரணுமே?"

"வராம எங்க போவும்?"

ஸ்பெஷல் வந்தது. அந்தக் காசை மிச்சம் பிடிக்க, உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றது. கூட்டம் பாய்ந்தது.

"மெம்பரே, தொட்டி இன்னா ஆவறது?" என்று பாய் கத்தினார்.

மெம்பர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்.