தாளில் மடித்த கை

சாரல் காலத்தில் காகிதம் மடிப்பது சிரமம், ஐயா. இந்தப் பக்கத்துக் காற்றிலேயே ஈரம் இருக்கும். தாள் நமத்துப்போகும், அழுத்தி மடித்த ஓரம்கூடச் சற்று நேரத்தில் தானாக விரிந்துகொள்ளும். அதனால் ஆனி, ஆடி மாதங்களில் தாளையெல்லாம் அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைப்பேன். அந்த யோசனை என் மனைவி வடிவாம்பாளுடையது.

என் பெயர் ஆவுடைநாயகம். வீடு இலஞ்சியில். சர்வே ஆபீசில் படம் வரைகிறேன். போன வருடம், எண்பத்து நாலு ஆடியில், செண்பகா அருவிக்குப் போகிற வழியில் ஓடையைக் கடக்கும்போது வடிவு வழுக்கி விழுந்து இறந்துபோனாள் என்று உங்கள் ஸ்டேஷனில்தான் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவன் நான். அதில் ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் காகிதத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

தென்காசியில் பஞ்சாபகேசன் என்று ஒருவர், இன்சூரன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய மகன் பம்பாயிலிருந்து ஜப்பான்காரர்களின் காகித மடிப்புப் புத்தகம் ஒன்றை அனுப்பினான். அதைப் பார்த்துப் பழகி நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். அவர், நான், அச்சாபீஸ் வைத்திருக்கும் சிவசைலம், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கும் ஹாஜரா பீவி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாபகேசன் வீட்டில் கூடுவோம். அந்த மாதம் மடித்ததை ஒவ்வொருவராகப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும். பிறகு காப்பி. ஊரில் சிரித்தார்கள், வயசான மனுசங்க காயிதக் கப்பல் விடுதாங்க என்று. எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

அந்த நாலு பேரில் நான்தான் முதல். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பேனாவும் ஸ்கேலும் பிடித்த கை. என் ஓரங்கள் மயிரிழை விலகாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. சாயங்காலங்களில் வடிவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், நானே கூட்டத்துக்கும் அழைத்துப்போனேன். புத்தகத்தில் இருந்த படங்கள் அவளுக்கு விளங்கவில்லை. வெற்றுத் தாளைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு மடிக்க ஆரம்பிப்பாள், அவ்வளவுதான். ஒரு மாதம் அவள் மேஜைமேல் ஒரு மலையணிலை வைத்தாள். வாலை முதுகோடு வளைத்துக்கொண்டு, முன்னங்கால்களில் எதையோ பிடித்துத் தின்கிற மாதிரி. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, ஒரே தாள்.

சிவசைலம் அதைச் சுற்றி வந்து பார்த்தான். “அண்ணாச்சி, இனிமே மதினி காட்டினதுக்கு அப்புறம் நாம யாரும் பையத் தொறக்கப்படாது” என்றான்.

அடுத்த மாதத்திலிருந்து அப்படியே ஆயிற்று. “ஆவுடை, நீ கொண்டுவந்ததைச் சட்டுனு காட்டிடு. அப்புறம் அவ எடுக்கட்டும்” என்பார் பஞ்சாபகேசன். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நான் வைக்கும் கொக்கையோ தாமரையையோ ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோரும் வடிவின் பையைப் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததாக நினைக்காதீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுப்பேன்.

எண்பதாம் வருடத் தீபாவளிக்கு மாவு இடித்தோம். மில்லில் கொடுத்தால் முன்னால் அரைத்தவர்களின் வத்தல் காரம் ஏறிவிடும் என்று வடிவு அதிரச மாவை மட்டும் வீட்டு உரலில்தான் இடிப்பாள். நான் உலக்கை போடுவேன். அவள் உட்கார்ந்து, சிதறும் அரிசியை உள்ளே தள்ளிவிடுவாள். உலக்கை மேலே போகும்போது கை உள்ளே வரும், கை வெளியே போனதும் உலக்கை இறங்கும். கல்யாணமான வருடத்திலிருந்து இருவரும் இடிக்கிறோம். பேசிக்கொண்டே இடிப்போம். அன்றைக்குத் தான் அடுத்து மடிக்கப்போவதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு தாய்க் குரங்கும் வயிற்றோடு ஒட்டிய குட்டியும். நான் உலக்கையை வழக்கமான உயரத்துக்குக் கொண்டுபோகவில்லை. பாதியில் இறக்கினேன்.

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கும். அவள் வலது கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் பிறகு மடங்கவில்லை. நான் லீவு போட்டு மாதக்கணக்கில் கூடவே இருந்தேன். தலை பின்னிவிட்டேன், சோறு பிசைந்து ஊட்டினேன். பார்க்க வந்த ஹாஜரா பீவி, “இப்படி ஒரு மனுசன் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும் வடிவு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். வடிவு கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருடங்கள்தான் எங்கள் வாழ்க்கையில் நல்ல வருடங்கள். அவள் சொல்லுவாள், நான் மடிப்பேன். “அந்த முனைய உள்ள தள்ளுங்க அத்தான். ஓரம் சேரல. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப சேந்துட்டு.” அவள் என் மாமன் மகள், சின்ன வயதிலிருந்தே அத்தான்தான். தாய்க் குரங்கையும் குட்டியையும் அப்படித்தான் செய்தோம். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். “நான் வாயால சொன்னதுதான், செஞ்சதெல்லாம் அத்தான்” என்றாள் வடிவு. அன்றைக்கு என்னிடம் யாரும் சட்டென்று காட்டிவிடச் சொல்லவில்லை.

பிறகு அவள் சொல்வது குறைந்தது. கேட்டால், “ஒண்ணும் தோணல” என்பாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும், நான் ஆபீஸிலிருந்து வருமுன், ஹாஜரா பீவி வீட்டுக்குப் போய்வருவதாகப் பிறகுதான் தெரிந்தது.

போன வருடம் சீசனுக்கு எல்லோருமாக ஐந்தருவிப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தங்கினோம். காலையில் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் ஒரு நட்சத்திரம் வைத்தேன். எனக்குப் பிறகு யாரும் இல்லை என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன்.

“அத்தான், இருங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றாள் வடிவு.

மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து இடது கையால் பிரித்தாள். உள்ளே ஒரு கை இருந்தது. வலது கை. ஐந்து விரலும் தனித்தனியாக, கணுக்கணுவாக, நகங்களோடு. கேட்டபோது சொன்னாள்: இடது கையால் மடிப்பதாம், தாளை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொள்வதாம், முகவாயால் ஓரத்தைத் தேய்ப்பதாம். ஒரு வருடமாக ஹாஜரா பீவி வீட்டில் பழகினாளாம். பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவசைலம் அதைத் தொடவே பயந்தான். என் நட்சத்திரம் பக்கத்திலேயே இருந்தது. யாருடைய முழங்கையோ பட்டு அது கீழே விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மத்தியானம் செண்பகா அருவிக்குக் கிளம்பினோம். மற்றவர்கள் பின்னால் மெதுவாக வந்தார்கள். நானும் அவளும் முன்னால் நடந்தோம். காட்டுப்பாதை, மேலே மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா வருத்தப்படுவீக.”

“நான் எதுக்கு வருத்தப்படுதேன்?”

அவள் பாதையின் குறுக்கே கிடந்த ஒரு வேரைத் தாண்டினாள். பிறகு, சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற குரலில் சொன்னாள். “அன்னைக்கு உலக்கை முந்தி விழுந்துச்சு அத்தான். எனக்குத் தெரியும். யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். அது போகட்டும். இந்தக் கையில இப்ப நல்லா வருது, அத மட்டும் பாருங்க.”

அவள் காட்டிக்கொடுப்பாள் என்ற பயத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதக் கூடாது. அவள் சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டாள். அவள் ஒன்றை ஒளித்ததே இல்லை என்று நான் நம்பியிருந்தேன், அது பொய்யாய்ப் போனதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஓடை வந்தது. மலைமேல் மழை பெய்து தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் முதலில் தாண்டி நடுப்பாறையில் நின்றேன். வடிவு கரையில் நின்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். “கையக் குடுங்க அத்தான்” என்றாள். அதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஐயா. எல்லாம் தெரிந்திருந்தும், அவ்வளவையும் சொன்ன பிறகும், கொஞ்சமும் தயங்காமல் இடது கையை நீட்டினாள். பிடித்தேன். அவள் கால் வைத்த கல் பாசி பிடித்தது. உடம்பு சாய்ந்து முழு எடையும் என் கையில் வந்தது. மற்றக் கை நன்றாக இருந்திருந்தால் பாறையைப் பிடித்திருப்பாள்.

நான் விரல்களைத் திறந்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். சிவசைலமும் மற்றவர்களும் வந்து சேர்ந்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தல் நடிப்பில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தக் காகிதக் கையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எப்படி மடித்தாள் என்று தெரிந்துகொள்ள அதை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். முழுவதும் பிரித்துத் தாளை விரித்துப் பார்த்தால் எல்லாக் கோடும் அதில் இருக்கிறது, நான் வரைகிற படம்போலத் தெளிவாக. ஆனால் திரும்ப மடிக்க வரவில்லை. ஒரு வருடமாகத் தினமும் உட்காருகிறேன். மூன்றாம் மடிப்புக்குள் பக்கத்திலிருந்து குரல் கேட்கும். “ஓரம் சேரல அத்தான்.” சேர்த்து அழுத்துவேன். “சேரல.” திரும்பிப் பார்த்தால் அவள் உட்கார்ந்திருந்த பாய்தான் கிடக்கும். பாயைச் சுருட்டி மச்சில் போட்டேன். குரல் மச்சிலிருந்து வரவில்லை, அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இப்போது ஆபீசில் கோடு போடும்போதும் கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாஜரா பீவி, “வடிவு செஞ்ச அந்தக் கைய ஒரு தடவ பாக்கணும் அண்ணாச்சி, கொண்டாங்க” என்றாள். என்ன கொண்டுபோய்க் காட்டுவேன்?

அதனால்தான் வந்தேன். நான் விட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள், இலஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கட்டின நாளிலிருந்து கடைசி நாள்வரை அவளை நான் ஒரு அடி அடித்தது கிடையாது.