பின்னூட்டம் போட்டவள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த டீச்சர் தன் தோழியிடம் சொன்னார்: "மூணு வருஷச் சிநேகிதிய இன்னைக்குத்தான் மொத மொதலா பார்க்கப் போறேன்."

"யாருங்க அது?"

"கண்டியில வேலை செய்யிற யாழ்ப்பாணத்துக்காரங்க. என் வலைப்பதிவுக்கு மொதப் பின்னூட்டம் அவங்கதான் போட்டாங்க. அவங்க பதிவுக்கு நானும் போடுவேன். அப்பா செத்தப்ப ஒரு மாசம் தெனமும் மெயில்ல விசாரிச்சாங்க."

"அப்புறம் ஏன் கையப் பிசையிறீங்க?"

"நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல, ஒட்டி ஒட்டிக் கட்டுன வரிசை வீட்டுல இருக்கேன்னு இதுவரைக்கும் சொல்லவே இல்லியே."

டிக்கோயாவில் ஒரு பெண் குடையோடு காத்திருந்தார். டீச்சர் இறங்கியதும் அதைத்தான் முதலில் சொன்னார். அந்தப் பெண் சிரித்தது ஜன்னல் வழியே எனக்குக் கேட்டது.

"அது எனக்கு எப்பவோ தெரியும். சுவருக்கு அங்கால ஆரும் இருமினால் உங்கட நித்திரை குழம்புது எண்டு எழுதினனீங்கள்தானே? வாங்கோ, உங்கட வீட்டை போவம்."