காலிக் கட்டில்களின் லாபம்

அக்கா: சிரிச்சது போதும்டா. கையெழுத்து ஆச்சா, இல்லையா?

தம்பி: டாக்டரம்மாவுக்கு என்ன அவசரம்? முதல்ல டீயைக் குடி.

அக்கா: ரெண்டு வருஷமா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு நான் கட்டின திட்டம்டா. நின்னுச்சா, விழுந்துச்சா... அதை மட்டும் சொல்லு.

தம்பி: பஸ் கம்பெனி முதலாளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தாரு. பேச்செல்லாம் அப்புறம், முதல்ல வார்டைக் காட்டுன்னாரு. போனா... கட்டில் எல்லாம் ஃபுல்.

அக்கா: ஃபுல்லா? காலையில நான் பார்த்தப்போ பாதிக்கு மேல காலியாத்தானே கிடந்துச்சு?

தம்பி: நம்ம ஆஸ்பத்திரி பழக்கம் தெரியாதா உனக்கு? பெரிய மனுஷங்க வர்றாங்கன்னா சமையல்காரர், வாட்ச்மேன், லிஃப்ட்காரர்... எல்லாரையும் போர்வை போர்த்திப் படுக்க வெச்சுடுவாங்களே.

அக்கா: ஐயோ... அது கட்டிலுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கின காலத்துல. இப்ப அவர் தலைக்கு இவ்வளவுன்னு வருஷத்துக்கு ஒரே தொகையா கட்டறாரு. டிரைவருங்க நோயில விழாம பார்த்துக்கிட்டாத்தான் நமக்கு மிச்சம்.

தம்பி: அவரும் அதையேதான் கேட்டாரு. "கையில நாடித்துடிப்பு பார்க்கிற வாட்ச் கட்டி, வீட்டுக்கு நர்ஸ் அனுப்பி, கடைசியில எல்லாரும் இங்கதான் கிடக்காங்களா?"ன்னு. கிளம்பிட்டாரு.

அக்கா: போச்சு.

தம்பி: இரு... அப்ப கடைசிக் கட்டில்ல ஒருத்தன் போர்வையை உதறிட்டு எழுந்தான். "ஐயா, இங்க பாதிப் பேர் நோயாளியே இல்ல. எழுந்திரிங்கப்பா"ன்னான்.

அக்கா: எழுந்தாங்களா?

தம்பி: சமையல்காரர் மட்டும் எழல. அவர் நிஜமாவே தூங்கிட்டாரு.

அக்கா: சரி... அப்புறம்?

தம்பி: "இந்தக் காலிக் கட்டில்தான்யா உங்க லாபம், எங்க லாபம். எங்க டாக்டரம்மா சம்பாதிச்சது"ன்னு சொன்னான். முதலாளி கட்டில் கட்டிலா நடந்து பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு... அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து. கண்டக்டர், கிளீனரையும் சேர்த்துக்கச் சொல்லிட்டாரு.

அக்கா: ஜெயிச்சுட்டோம்டா.

தம்பி: ஜெயிச்சது நீ.

அக்கா: யாரு அந்த வாயாடி?

தம்பி: யாரோ... கூட்டத்துல முகம் சரியாத் தெரியல.

அக்கா: கணக்கு அதிகாரி நீ. உன் உத்தரவு இல்லாம இங்க ஒரு போர்வை வெளிய வருமா?

தம்பி: ...காலி வார்டைப் பார்த்தா எனக்கு இன்னமும் நஷ்டம்னுதான் தோணுதுக்கா. ஆள் ஒண்ணு குறைஞ்சுது, நானே படுத்துட்டேன். ஆமா, உனக்கு எப்படி...

அக்கா: திட்டத்தோட முதல் வாட்ச்சை உன் கையிலதானே கட்டினேன்? ஆள் வார்டுல படுத்திருக்கான், நெஞ்சு மட்டும் தறிகெட்டு ஓடுதுன்னு என் போன் அலறுச்சு. செருப்புகூடப் போடாம ஓடி வந்தேன்டா. ஜன்னலுக்கு வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டேன். 'எங்க டாக்டரம்மா'ன்னியே... அதை இன்னொரு தடவை கேட்கத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கேன்.