பெயர் சொல்லாத பாராட்டு

தலைமைக் கதிரைக்கு அழகு சேர்க்கும் பெருமதிப்பிற்குரிய அரியரத்தினம் அவர்களே, மெல்பேண் டண்டினொங்கிலிருந்து இரவெல்லாம் காரோடி வந்து களைப்பையும் காட்டாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலிருத்தி இந்தச் சிட்னி ஹோம்புஷ் மண்டபத்தின் குளிரைப் பொறுத்திருக்கும் தாய்மார்களே, தமிழென்றால் தளராமல் கூடும் தோழர்களே, சச்சிதானந்தனின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் யாரோ, "படம் எப்ப போடுவியள்?" என்று கேட்பது காதில் விழுகிறது. போடுவோம் ஐயா. அதற்கு முன் அதை எடுத்தவனைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவன் பெயரை நான் சொல்லமாட்டேன். எந்த நாடென்றும் சொல்லமாட்டேன். மாலை போட்டவரையும் மைக் பூட்டியவரையும் பெயர் சொல்லி வாழ்த்துகிற மேடை நம்முடையது. இன்று அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அவனுடைய முந்தைய படத்தில் கண்ணீரை வெட்டு என்றது தணிக்கைச் சபை, அவன் வெட்டவில்லை. கேள்வியை வெட்டு என்றது, வெட்டவில்லை. பிறகு அரசு அவனையே உலகத்திலிருந்து வெட்டியெடுத்து, அவன் வீட்டுக்குள் அடைத்தது. வாசலிலே காவல். இனிப் படமே எடுக்கக்கூடாதென்று ஆணை.

எடுத்தான். ஒளித்து வைத்த சின்னக் கமராவால் எதை எடுத்தான்? மலையையா, மாநகரையா? குசினியை எடுத்தான். கொதிக்கும் சோற்றுப் பானையை எடுத்தான். வாசற்காவலனின் சப்பாத்துக் கால்கள் மதிய வெயிலில் தூக்கத்தில் தள்ளாடுவதை எடுத்தான். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்த இடத்தில் கமராவும் குலுங்குகிறது, அவனும் சிரித்திருக்கிறான்.

கடைசியில் கமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்து, முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, "இதை எடுத்தது நான்" என்றான். சுருள் இங்கே வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

நான் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பிலிம் வெட்டி ஒட்டுகிறவன். போன ஞாயிறு, அவனுக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்துவிட்ட அவன் மனைவி என்னிடம் வந்தார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவர் இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"அண்ணை, அவர் கதைக்கிற துண்டை வெட்டிவிடுங்கோ. மண்டபத்திலை ஆர் ஆர் இருப்பினமெண்டு எங்களுக்குத் தெரியாது. அங்கை அறிஞ்சால் அவரை வீட்டிலையும் வைக்கமாட்டாங்கள்."

"அவர் இதுக்குச் சம்மதிக்கமாட்டார் தங்கச்சி" என்றேன்.

"ஓம், மாட்டார். எனக்கு அவர் உயிரோடை வேணும்" என்றார்.

சபையோரே, நான் என்ன செய்திருக்க வேண்டும்? கலையைக் காப்பதா, கணவனைக் காப்பதா? தணிக்கையே இல்லாத ஊர் என்று பெருமை பேசுகிறோமே, நம் பயத்தை எந்த விமான நிலையத்தில் இறக்கி வைத்தோம்? ஓர் அரசு முழுதும் திரண்டு மிரட்டியும் ஒரு துண்டும் வெட்டாதவனின் படத்தை, யாரும் மிரட்டாத சிட்னியில் நான் வெட்டினேன். இனி அவனுக்கு விடிவு வருமென்று சொல்ல என் நாக்கு எழவில்லை. வந்திருப்பவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்பது மேடை மரபு. என்னிடம் தருவதற்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் வெட்டிய இடத்தை நான் ஒட்டி மூடவில்லை. அதே நீளத்துக்கு வெறும் பிலிமை வைத்திருக்கிறேன். படம் முடியும் தறுவாயில் திரை வெள்ளையாகக் கிடக்கும், சத்தமும் இராது. புரொஜெக்டர் பழுதென்று எழும்பிவிடாதீர்கள். அவன் பேசிக்கொண்டிருக்கிறான்.

தலைவருக்கும் தாய்மார்களுக்கும் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். விளக்கை அணையுங்கள்.