மிச்சக் காபி

இன்று காலை என் தலையை நானே வாரிக்கொண்டேன், டாக்டரம்மா. நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, அதே மாத்திரைதானே, ஒன்றரை வருஷமாகக் கேட்காதது இப்போது எப்படிக் கேட்கிறது என்று இரண்டு தடவை கேட்டீர்கள். சந்தோஷத்தில்தான் கேட்டீர்கள், தெரியும். அங்கம்மா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறாள். அவள் வர நேரமாகும். உட்காருங்கள், சொல்கிறேன்.

இந்த மூட்டுவாதம் என் மகள் தேவகிருபை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே எனக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி. அவர் காலமான பிறகு மண்டியைக் கொழுந்தனார் எடுத்து நடத்துகிறார், எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டில் நானும் கிருபையும், வேலைக்கு வந்து போகிற அங்கம்மாவும்தான். காலையில் எழுந்தால் கைவிரல் ஒன்றும் மடங்காது. முழங்கால் வீங்கிக் கிடக்கும். கடல் காற்று ஈரமாக அடிக்கிற நாட்களில் புடவைக் கொசுவத்தைக்கூடப் பிடிக்க முடியாது. தலை வாருவது, ரவிக்கை மாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் கிருபைதான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வேலை செய்துகொண்டே சபையில் கற்றுக்கொண்ட பாட்டு எதையாவது பாடிக்கொண்டிருப்பாள். குரல் நன்றாக இருக்கும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கார்ட்டிசோன் என்று புதிதாக வந்திருந்த சீமை மாத்திரையை எழுதிக் கொடுத்தீர்கள். அதன் கெடுதல்களையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். முகம் வட்டமாக ஊதும், பரு வரும் என்றீர்கள். இந்த வயதில் பரு வந்தால் என்ன, உங்களுக்கு மாப்பிள்ளையா பார்க்கப் போகிறோம் என்று சிரித்தீர்கள். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள். சாப்பிட்டுப் பழகிய பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது, நிறுத்துவதானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எதையும் நான் கவனமாகத்தான் கேட்பேன்.

நல்ல மருந்து அது. சில நாட்களிலேயே விரல்கள் திறந்தன. நான் ரவிக்கைக் கொக்கியை மாட்டியதைப் பார்த்துக் கிருபை அழுதேவிட்டாள். அடுப்படியில் இருந்த அங்கம்மாவை இழுத்து வந்து காட்டினாள். அன்று சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். அண்ணிக்கு உடம்பு தேறிவிட்டது, இனி கிருபை விஷயத்தைப் பார்க்கலாம் என்றார். மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷனில் குமாஸ்தா வேலை பார்க்கிற தேவப்பிரியம் என்ற பையன் அவளை நம் சபைக் கோயிலில் பார்த்திருக்கிறான், பிடித்துப்போய்விட்டது என்றார். கிருபை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை. என் விரல் ஒவ்வொன்றும் தேறத் தேற அவள் வாசலை நோக்கி ஓரடி நகர்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காபி. டம்ளர் அடியில் கருப்பட்டி வண்டல் இனிப்பாகத் தங்கும். சின்ன வயதிலிருந்தே என் மிச்சக் காபி கிருபைக்கு வேண்டும். நான் பாதி குடித்துவிட்டு வைப்பேன், அவள் நின்றபடியே மீதியைக் குடித்து வண்டலை விரலால் வழிப்பாள். பெரிய பெண் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாத்திரையையும் அவள்தான் என் நாக்கில் வைத்து, டம்ளரை என் வாயில் பிடிப்பாள். ஒரு நாள் மாத்திரை தொண்டையில் சிக்கி, குமட்டி, காபிக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை. அவள் மீதியைக் குடித்தாள். ஒரு மாத்திரைதானே என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அது தானாக விழவில்லை.

என் உடம்பில் நாக்குக்கு மட்டும்தான் மூட்டு இல்லை, டாக்டரம்மா. மாத்திரையை அதன் அடியில் ஒதுக்கிக்கொள்வேன். ஒரு வாய் குடிப்பேன். டம்ளருக்குள் நழுவ விடுவேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சூட்டில் அது கரைந்து வண்டலோடு சேர்ந்துவிடும், கருப்பட்டி எந்தக் கசப்பையும் மறைத்துவிடும்.

எனக்குப் பழைய வலி திரும்பி வந்தது. அதை நான் பொறுத்துக்கொண்டேன் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நிவாரணத்தை வாயில் வைத்துக்கொண்டே அதை வேண்டாமென்று விடுவது லேசான காரியம் இல்லை. இராத்திரியெல்லாம் கிருபை என் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். நீங்கள் வந்து பார்த்து, மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினீர்கள். பாவம், நீங்கள் என்ன செய்வீர்கள்?

சில வாரங்களில் அவள் முகத்தில் பரு கிளம்பியது. நெற்றி, கன்னம், முதுகு வரை சிவப்புச் சிவப்பாக. முகமும் உருண்டையாயிற்று. கல்யாணப் பேச்சு எடுத்ததும் உடம்பு வைத்துவிட்டாளே என்று நீங்கள்கூடக் கேலி செய்தீர்கள். மீஞ்சூர்க்காரர்கள், முகம் தெளியட்டும், அவசரமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கிருபை கோயிலில் பாடகர் வரிசையை விட்டு, தூணுக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தாள். வீட்டில் பாடுவதும் நின்றது. நீங்கள் கொடுத்த கந்தக லோஷனைத் தடவித் தடவித் தோல் உரிந்ததுதான் மிச்சம். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும். அது பொய் இல்லை. சில நாள் நானும் அழுதிருக்கிறேன்.

எக்ஸ்ரே வெளிச்சம் வைத்துப் பருவை வற்ற வைக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றீர்கள். கிருபைக்கு ஆசை. நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தோல் கருகுமா, தழும்பு நிற்குமா, பின்னால் பிள்ளை பெறும்போது ஏதாவது கெடுதல் வருமா. எல்லாவற்றுக்கும் உறுதி சொல்ல முடியாது என்றீர்கள். அப்படியானால் வேண்டாம், பரு இன்றைக்கு வரும் நாளைக்குப் போகும், பிள்ளையின் உடம்பு பெரிது என்றேன். இவ்வளவு யோசிக்கிற தாயை நான் பார்த்ததில்லை என்று கிருபையிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அங்கம்மாதான் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"பாப்பாவக் கட்டிக் குடுத்து அனுப்புமா. மூஞ்சில கீறத பாத்தா ஊட்ல குந்த வெச்சிக்கினு கீறது? உன்னிய நான் பாத்துக்க மாட்டனா, எனுக்குத் தலை வாரத் தெரியாதா?"

உன் கையில் மீன் வாடை அடிக்கும் என்று நான் சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் தேவப்பிரியம் தானே நேரில் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே சொன்னான்.

"அத்தை, முகம் தெளிஞ்சாலும் சரி, தெளியாட்டியும் சரி. எனக்குக் கிருபைதான் வேணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல பையன். கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் கேட்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கலாம். நீங்கள் சொல்லிக் கொடுத்த முறை எனக்கு மறக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் பரு வந்தால் அவளே வெட்கப்பட்டு வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. கல்யாணத்தன்று காலையிலும் என் மிச்சக் காபியைக் குடித்துவிட்டுத்தான் முக்காடு போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவளுக்கு மாத்திரை இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன உடம்பு, தாங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அவளுக்கு அசதியாக இருக்கிறது, சாப்பிட்டது தங்கவில்லை என்று மீஞ்சூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதற்குள்ளாகவா என்று அந்தத் தெருப் பெண்கள் கேலி செய்தார்களாம். இங்கே கொண்டுவந்து விடுங்கள், நான் தேற்றி அனுப்புகிறேன் என்று பதில் சொல்லி அனுப்பினேன். என் பக்கத்தில் வந்துவிட்டால் ஒரு டம்ளர் காபியில் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மழைக் காய்ச்சல் முந்திக்கொண்டது. கொழுந்தனார் என்னைக் கைத்தாங்கலாக ரயிலில் ஏற்றி அழைத்துப் போனார். பல்லால் இழுத்து இழுத்து முந்தானையில் மாத்திரைகளை முடிந்துகொண்டேன். நான் அவளைச் சாக விட நினைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கிழிந்த துணியாகக் கிடந்தாள். கை சில்லிட்டிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் முதலில் என் தலையைத்தான் பார்த்தாள்.

"யாரும்மா உங்களுக்கு வாரிவிட்டா? வகிடு கோணலா இருக்கே. எந்திரிச்சதும் நான் வாரிவிடுதேன்."

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். முன்பு ஏதாவது வியாதி உண்டா, ஏதாவது மருந்து தொடர்ந்து சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டார். நிறுத்தி நிதானமாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். என் மகள் ஒரு மருந்தும் சாப்பிட்டதில்லை என்றேன்.

பிறகு காபி கேட்டேன். ஒரு வாய் குடித்தேன், நாக்கடியில் ஒதுக்கியிருந்த மாத்திரையை நழுவ விட்டேன், டம்ளரை இரண்டு கைக்கும் நடுவில் இடுக்கி அவள் வாயருகே கொண்டுபோனேன். தேவப்பிரியம் மெதுவாக என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். வாந்தி நிற்கிறவரை வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். முற்றத்தில் கொண்டுபோய் ஊற்றினான். முந்தானையில் இன்னும் மாத்திரைகள் இருந்தன. முடிச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் உச்சி வேளையில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது நிறைய மாத்திரை மீதி இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை. இப்போது நானே விழுங்குகிறேன். அதனால்தான் விரல் மடங்குகிறது. உங்கள் மருந்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அந்த அறையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள். திறந்திருந்தால் பிழைத்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவளுக்குக் கடைசிவரை நினைவு இருந்தது, டாக்டரம்மா. நான் சொல்வது அவள் காதில் விழுந்திருக்கும். பெற்றவளே இப்படிச் செய்தாள் என்பதை ஒரு பிள்ளை கேட்கலாமா? என் கையைப் பிடித்தபடி, அம்மா நல்லவள் என்று நம்பிக்கொண்டே போனாள். அந்த ஒரு விஷயத்திலாவது நான் அவளுக்குக் குறை வைக்கவில்லை.